சரியான நட்டு எது

பாஸ் யாரையாவது கேலி செய்ய ஆரம்பித்தால், கடைக்கு முன்னால் நெரிசலில் நிற்கிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூட ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டுவார்கள். அவர் கையில் அப்போது கட்டாயம் ஒரு சக்கர நட்டு இருக்கும். அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, இரத்தினக்கல் பார்க்கிறவர் மாதிரி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். பிறகு நட்டின் சொந்தக்காரரைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப்பேர் சிரித்துவிடுவோம்.

கினிகத்தேனை வழியாக ஏறி வருகிற கொழும்புப் பாதையில், ஹட்டன் டவுனுக்குச் சற்று முன்னால் இருந்தது எங்கள் டயர்க் கடை. நான் அங்கே பில் எழுதினேன். டயரும் ரிம்மும் மாட்டுகிற வேலை முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் மேசனும் பாஸ்தான், தச்சரும் பாஸ்தான், கராஜில் ஸ்பானர் பிடிக்கிறவரும் பாஸ்தான். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. சம்பளத் தாளில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் கடை முதலாளியே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

கார்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நாலோ ஐந்தோ நட்டுகள்தான். காரோடு வந்த ரிம்மைக் கழற்றிவிட்டு வேறு ரிம் போடுகிறவர்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், அகலத்தைப் பார்ப்பார்கள். நட்டைப் பார்ப்பது குறைவு. பாஸ் முதலில் நட்டைத்தான் கேட்பார். உள்ளே திருகி ஏறுகிற மரை பொருந்த வேண்டும். அது மட்டும் போதாது. நட்டின் மூக்கும் ரிம்மில் இருக்கிற குழியும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். சில ரிம்மில் குழி புனல் மாதிரிச் சரிந்திருக்கும். சிலதில் கிண்ணத்தின் உட்புறம் மாதிரி உருண்டையாக இருக்கும். உருண்டைக் குழியில் புனல் மூக்கு நட்டைப் போட்டாலும் இறுகத்தான் செய்யும். கைக்கு நன்றாகப் பிடித்த மாதிரியே தெரியும். ஆனால் உள்ளே நூலளவு இடத்தில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். மலைப் பாதையில் நாலு வளைவு, நாலு பிரேக் பிடித்தால் மெல்ல இளகத் தொடங்கும்.

இதையெல்லாம் அவர் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. மற்றவர்களைக் கேலி செய்யும்போது பக்கத்தில் இருந்து கேட்டதுதான்.

வேகமான கார் வைத்திருக்கிற கொழும்புப் பையன்கள் சனி ஞாயிறில் நுவரெலியாவுக்கு ஏறும்போது எங்கள் கடையில் நிறுத்துவார்கள். தாழ்த்திய கார்கள், தடித்த புகைக்குழாய்கள், பாதையை உரசிக்கொண்டு போகிற முன்பக்கம். பாஸ் அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு உள்ளங்கையில் இரண்டு நட்டுகளை வைப்பார். உன் ரிம்முக்கு இதில் எது என்று சிங்களத்தில் கேட்பார். பையன் முழிப்பான். அப்போது தொடங்கும். அவன் படிப்பு, அவன் கண்ணாடி, அவன் அப்பாவின் கார், எல்லாம் கேலிக்கு வரும். கடைசியில் தோளில் ஒரு தட்டு தட்டி, சரியான நட்டைத் தானே எடுத்து மாட்டி, அளவு காட்டுகிற நீளச் சாவியால் கிளிக் கிளிக்கென்று இறுக்கிவிடுவார். கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்ப வந்து இறுக்கிக்கொண்டு போகச் சொல்லுவார். அந்தப் பையன்களுக்கு இது பிடித்திருந்தது. போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். சில பேர் நட்டில் ஒரு குறையும் இல்லாமல், திட்டு வாங்குவதற்காகவே வந்தார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். கினிகத்தேனை வளைவில் சக்கரம் கழன்ற ஒரு வேனைத் தூக்க அவர் போயிருக்கிறார். அங்கே பார்த்ததைப் பாதி சொன்னார், பாதியை விழுங்கிவிட்டார். பிறகு சொன்னார்: “நல்லதனமா சொன்னா வாசலத் தாண்டுறதுக்குள்ள மறந்துருவானுங்க புள்ள. நாலு பேரு முன்னால வெக்கப்பட்டவன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான். வெக்கப்பட்டா படட்டும். உசுரோட இருப்பான்ல.”

நான் அதை நம்பினேன். நம்புவதற்கு எனக்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலை மஸ்கெலியா பஸ்ஸில் ஒருவன் தினமும் என் மேல் சாய்ந்துகொண்டு வருவான். வீட்டில் சொல்லப் பயம். சொன்னால் வேலையை விடச் சொல்லுவார்கள். பாஸிடமும் நான் சொல்லவில்லை. பஸ் நேரம் வந்ததும் என் முகம் மாறுவதைப் பார்த்து அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று என்னோடு பஸ் ஏறினார். அவன் வழக்கம்போல வந்து ஒட்டினான். பாஸ் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “தம்பி, ஒங்கம்மா முன்னாடியே எறங்கிட்டாங்களா? இந்தப் புள்ளய அம்மான்னு நெனச்சு ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்களே” என்றார். பஸ்ஸே சிரித்தது. அவன் அடுத்த ஹோல்ட்டில் இறங்கிப் போனவன், அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் வரவில்லை. பாஸ் அதன் பிறகும் பல நாள் பஸ் ஸ்டாண்டு வரை வந்து நின்றுவிட்டுப் போவார். கையில் இஞ்சி டொபி வைத்திருப்பார். எனக்கும் ஒன்று தருவார். அந்த நாட்களில் அவரைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நுவரெலியாவின் ஏப்ரல் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் சிவா வந்தான். எங்களுக்கு அடுத்த தோட்டத்துப் பையன். கட்டாரில் லொறி ஓட்டிவிட்டுத் திரும்பியவன், ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கியிருந்தான். இரண்டு கதவுதான், சின்ன உடம்பு, பெரிய எஞ்சின். தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போகிற பாதையில் அந்தத் தாழ்ந்த கார் இறங்காது. கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போவான் என்று எங்கள் தோட்டம் வரை பேச்சு இருந்தது. பின் சீற்றில் வெண்கல நிறத்தில் நாலு ரிம். கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கினதாம். கூட அவனுடைய அப்பாவும் வந்திருந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சாரத்துக்கு மேல் கோட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். நான் யார் மகள் என்று விசாரித்து, என் தாத்தாவைத் தெரியும் என்று சந்தோஷப்பட்டார். மகன் காருக்குச் சக்கரம் மாட்டுவதைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, அடுக்கியிருந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

அன்று கொழும்புப் பையன்கள் நாலைந்து பேர் தங்கள் கார்களோடு நின்றார்கள். பாஸ் நட்டைக் கேட்டார். சிவா ஒரு வெல்வெட் பையைத் திறந்து காட்டினான். நீளமான சிவப்பு நட்டுகள், பளபளவென்று. இணையத்தில் ஓர்டர் பண்ணி எடுப்பித்தது என்றான். சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைக் கேட்டதும் பாஸ் நிமிர்ந்துகொண்டார்.

“இது நட்டா தம்பி? நான் லிப்ஸ்டிக்னு நெனச்சேன்.”

எல்லாரும் சிரித்தோம். பாஸ் நட்டை ரிம்மின் குழியில் வைத்து ஆட்டிக் காட்டினார். அது லொட லொடவென்று ஆடியது. கட்டாரில் லொறி ஓட்டினாயா ஒட்டகம் ஓட்டினாயா என்று கேட்டார். இந்தச் சக்கரம் உனக்கு முன்னால் நுவரெலியா போய் ரூம் போட்டுவிடும் என்றார். சிவா ஏதோ சொல்ல வாய் திறந்தான். பாஸ் அதற்குள் அவன் அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

“ஐயா, ஒங்க மவன் காருக்குப் பொட்டு வச்சிருக்கான். நட்டு வைக்கல.”

அப்பா சிரித்தார். அவருக்கு விஷயம் விளங்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள், தன் மகனை மையமாக வைத்துச் சிரிக்கிறார்கள், அது ஏதோ நல்ல பேச்சு என்றே நினைத்தார். “பொட்டு வச்சிருக்கானா” என்று தானும் ஒருமுறை சொல்லி, பல் தெரியச் சிரித்து, எங்களை எல்லாம் பார்த்தார். படம் எடுத்துக்கொண்டிருந்த கொழும்புப் பையன் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டான். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

சிவாவின் காது சிவந்திருந்தது. நட்டுகளைப் பைக்குள் போட்டான். நாளைக்கு வருகிறேன் என்றான். அப்பாவைக் கைபிடித்து எழுப்பி, காரில் ஏற்றிக்கொண்டு போனான். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போனார்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்று எடுத்த வீடியோ மட்டும் எங்கும் போனது. சிங்களத்தில் எழுத்துப் போட்டு, இசை சேர்த்து, தோட்டம் தோட்டமாகப் போனது. பாஸுக்கு அதில் ஒரே சந்தோஷம். சாப்பாட்டு நேரத்தில் என் போனை வாங்கி இரண்டு மூன்று முறை பார்ப்பார். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்பார்.

சீசன் முடிவதற்குள் இன்னொரு படம் வந்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் ஒரு கார் முன்பக்கம் சரிந்து, மண் மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரம் இல்லை. மற்றச் சக்கரத்தில் வெண்கல ரிம், சிவப்பு நட்டுகள். லயத்துப் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சிவாவே மாட்டியிருக்கிறான். பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் கண் காட்டக் கூட்டிப்போன வழியில் வண்டி உதறியிருக்கிறது. எங்கள் பாதைகளில் எந்த வண்டிதான் உதறாது? அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சக்கரம் கழன்று தேயிலைக்குள் இறங்கி உருண்டு போயிருக்கிறது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நல்லவேளையாக மேல் நிரையில் இருந்தார்கள். சிவாவுக்குச் சிராய்ப்புத்தான். அப்பாவின் முழங்கால் நொறுங்கிவிட்டது.

பாஸ் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “நான் சொன்னேன்ல?” என்றார். அன்று முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னார். நான் சொன்னேன், நாலு பேருக்கு முன்னால் சொன்னேன், கேட்கவில்லை என்று. மாலை ஷட்டரை இழுக்கும்போது யாரும் கேட்காமலே இன்னொரு முறை சொன்னார்.

மழைக்காலம் பாதி போன பிறகு, ஒரு காலையில் சிவாவின் அப்பா தனியாக வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். கையில் தடி. ஒரு கால் மடங்கவில்லை. அதே கோட்டுத்தான், ஈரமாக இருந்தது. நாற்காலி போட்டேன். உட்காருவதற்கு அந்தக் காலை நீட்டி, தடியை ஊன்றி, உடம்பைத் திருப்பி, அவர் பட்ட பாட்டை பாஸ் கையில் டயரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் வந்து வண்டியைச் சரிபார்த்துப் புது போல்ட் அடித்துக் கொடுத்திருக்கிறாராம். உருண்டு போன ரிம்மைக் கொழுந்துக்காரப் பெண்கள் தேடிக் கொடுத்துவிட்டார்களாம். பழைய ரிம்மெல்லாம் விற்றாகிவிட்டது, இதைத்தான் போட வேண்டும். ஆனால் இந்த ரிம்முக்கு எந்த நட்டு என்று அந்த ஆளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. வண்டி கோயிலடியில் கல் மேல் நிற்கிறது. மகன் அந்தப் பக்கமே போவதில்லை. டவுனுக்கும் வருவதில்லை.

“அதான் நானே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி. சரியான நட்டு எது?”

பாஸ் சொன்னார். உருண்டை மூக்கு நட்டு, இந்த மரை, இவ்வளவு நீளம். உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். அதே மாதிரி ஒரு ரிம்மைக் கொண்டுவந்து அதன் குழியில் வைத்துக் காட்டினார். பெரியவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. நான் சிரிச்சுக்கிட்டு இருந்ததுல காதுல விழல” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். உண்மையிலேயே தன் மேல்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று பாஸ் சொன்னார். பெரியவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் என் மேசைக்கு முன்னால் நின்றார். அந்த வீடியோவைப் போடச் சொன்னார். அவர் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இந்த முறை போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

“சரியான நட்டு எதுன்னு நான் சொல்ற எடம் எங்க புள்ள?”

“இதுல இல்ல பாஸ்.”

“வெட்டிட்டானுங்களா?”

வெட்டவில்லை. சிவா பையைத் திறந்ததிலிருந்து காரில் ஏறுகிற வரைக்கும் முழுதாக இருந்தது. சிவப்பு நட்டு ஏன் ஆகாது என்பதை விதவிதமாகச் சொல்லியிருந்தார். எது ஆகும் என்பது அதில் எங்குமே இல்லை. மற்றவர்களுக்கென்றால், சிரிப்பு அடங்கின பிறகு சரியானதை எடுத்து மாட்டிவிடுவார். சிவா சிரிப்பு அடங்கும் வரை நிற்கவில்லை. அவனுக்கு அதைச் சொல்லாமலே விட்டது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அந்த நட்டு எதுவென்று தெரிந்திருந்தது. அது என் மேசைக்குப் பின்னால் இருந்த பெட்டியில்தான் இருந்தது.

பாஸ் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். வீடியோவை அழிக்கச் சொல்லி அந்தக் கொழும்புப் பையனுக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். அவன் அழித்தும் விட்டான். அதற்குள் எத்தனையோ பேர் எடுத்து வேறு பெயரில் போட்டிருந்தார்கள். அதை விளக்கிச் சொன்னபோது அவர் புரியாமல், அப்படியென்றால் அவர்களுக்கும் எழுது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் போனேன். வழி காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். சாவியையும் ஜாக்கியையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

கோயிலடியில் கார் நாலு கல்லின் மேல் நின்றது. நாங்கள் இறங்கி நடப்பதற்குள் லயத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அங்கே சிவாவுக்கே “பொட்டு” என்று பேர் விழுந்திருப்பது அவர்கள் பேசியதில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஒரு சின்னப் பெண் பாஸின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, நீங்கதானே அந்தப் பொட்டு வீடியோ மாமா? அத ஒருக்கா சொல்லுங்களேன்.”

பாஸ் குந்தி உட்கார்ந்து ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளினார். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு அப்பால் போனேன்.

நாலு சக்கரத்தையும் அவர் தனியாகவே மாட்டினார். முதலில் கையால் திருகி, பிறகு குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொன்றையும் அந்த நீளச் சாவியால் சரிபார்த்தார். பெரியவர் கோயில் படியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. வேலை முடிகிற நேரத்தில் சிவாவும் வந்தான். யார் கூப்பிட்டார்களோ தெரியவில்லை. தாடி வளர்ந்திருந்தது. காரிலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றான்.

பாஸ் எழுந்தார். அவனைப் பார்த்ததும் அவர் வாய் பழக்கத்தில் ஏதோ ஒரு கேலிக்குத் தயாரானதை நான் கண்டேன். உதடு ஒரு பக்கம் போனது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு வேறு விதமாகப் பேசிப் பழக்கமில்லை. கையை எண்ணெய்த் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“தம்பி, நீங்க ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா…”

“நீங்க சொன்னது சரிதாண்ணே” என்றான் சிவா. “அதான் வர முடியல. பிழையா சொல்லியிருந்தீங்கன்னா வந்து சண்ட போட்டிருப்பேன்.”

குரலை உயர்த்தவில்லை. அதைச் சொல்லிவிட்டு அப்பாவைத் தூக்கிவிடப் போனான். பெரியவரின் அக்குளில் கை கொடுத்து, அந்த மடங்காத காலைத் தன் காலால் அணைத்து, பழகின விதமாக எழுப்பினான். இரண்டு பேரும் மெதுவாகப் படிக்கட்டு இறங்கி லயத்துக்குப் போனார்கள். கொஞ்ச தூரம் ஓடின பிறகு திரும்ப இறுக்க வேண்டும் என்று பாஸ் பின்னால் இருந்து சொன்னார். பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சிவா கடைக்கு வரவில்லை. மஸ்கெலியாவிலேயே இறுக்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம். பாஸ் அதைக் கேட்டு, சரியான அளவுக்கு இறுக்கினார்களாமா என்று மட்டும் விசாரித்தார். அந்த வருஷக் கடைசியில் கார் விற்பனைக்கு வந்தது.

பாஸ் அதற்குப் பிறகு யாரையும் கேலி செய்யவில்லை. கொழும்புப் பையன்கள் வந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் நட்டை வாங்கிப் பார்த்து, சரியானதை எடுத்து வைத்து, இதுதான் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிடுவார். திட்டுங்களேன் பாஸ் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் வரத்துக் குறைந்தது. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று முதலாளி என்னிடம் கேட்டார். எனக்கும் கடை வெறிச்சென்றுதான் இருந்தது. அவர் பழையபடி ஒருமுறையாவது பேச மாட்டாரா என்று இருக்கும். அப்படி நினைத்ததற்காக உடனே கூச்சமாகவும் இருக்கும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விடப்போகிற சமயத்தில் ஒருநாள் ஒரு த்ரீவீல்காரர் வந்தார். அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆள். வண்டிக்குப் புதிதாக அலோய் ரிம் வாங்கியிருந்தார். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் மேசையருகில் வந்து தாழ்ந்த குரலில், அந்த பாஸ் இருக்கிறாரா என்று கேட்டார். அவரைத்தான் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்துக் கூப்பிடப் போனேன்.

“ஐயோ, கூப்புடாதீங்க தங்கச்சி. அந்த வீடியோவ நான் பாத்திருக்கேன். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே சொல்லிருங்க.”

பாஸ் எனக்குப் பின்னால், டயர் அடுக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது. நான் திரும்பியபோது வாயில் விரலை வைத்து, இருப்பதாகச் சொல்லாதே என்று தலையசைத்தார்.

வண்டியின் பழைய நட்டையும் புது ரிம்மையும் அவரைக் கொண்டுவரச் சொன்னேன். ஸ்டோரில் பார்ப்பது போல அடுக்குக்குப் பின்னால் எடுத்துப் போனேன். பாஸ் ரிம்மின் குழியை விரலால் தடவி, பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து என் கையில் வைத்தார். காதோடு சொன்னார்: போல்ட்டுக்கு ஒயில் பூச வேண்டாம், குறுக்குக் குறுக்காக இறுக்கட்டும், கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி பார்க்கட்டும். நான் வெளியே வந்து அப்படியே சொன்னேன். த்ரீவீல்காரர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் நான் உள்ளே போய் வந்தேன். இரண்டாவது முறை பாஸ், அவரையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல் என்றார். த்ரீவீல்காரர் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சரியாகத் திருப்பிச் சொன்னார். நட்டுகளை வாங்கிக்கொண்டு, என்னைப் பெரிய விஷயம் தெரிந்தவள் மாதிரிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வண்டி ஸ்டார்ட் ஆகி, வளைவில் இறங்கி, சத்தம் கேட்காமல் போகிற வரைக்கும் பாஸ் அந்த அடுக்குக்குப் பின்னாலேயே இருந்தார். பிறகு டியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து பாதையைப் பார்த்தார்.

“அவருக்கு வெளங்கிச்சா புள்ள?”

வெளங்கிருச்சு பாஸ் என்றேன்.